இரைச்சல் இல்லாத பெட்டி

நம் வயதுக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு ரேடியோ இருந்திருக்கும். நிலையம் பிடிபடாத இடத்தில் முள்ளை நிறுத்தினால் ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் நீலமாக எரியும்போது வருவது போல, ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் வரும். எங்கள் வீட்டில் அதற்கு இரைச்சல் என்று பெயர். மைக் செட் வைத்திருந்த அப்பாவுக்கு அதுதான் தொழில் எதிரி. அக்காவின் படிப்பு அந்த இரைச்சலோடு ஒட்டிக்கொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. சொல்லவும் சொன்னாள்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு மழைக்காலம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வெயில் அடித்த நாட்கள் மிகக் குறைவு. துணி காயாது. சுவர் வியர்க்கும். தீப்பெட்டியை அடுப்பு மேட்டில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் குச்சியை உரச முடியும். எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினாறு, ஆனால் ஒன்பதாம் வகுப்பில்தான் இருந்தாள். ஒரு வருஷத்தை நோய் எடுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு நெஞ்சில் வந்த நோய்க்கு அப்போது ஊசிதான் வைத்தியம். கீழே சமவெளியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் இருந்தாள். தினம் ஒரு ஊசி. திரும்பி வந்தபோது கன்னம் உப்பியிருந்தது, இருமல் நின்றிருந்தது. பிழைத்துவிட்டாள் என்று அம்மா மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பின்னால் நின்று கூப்பிட்டால் அக்கா திரும்புவதில்லை என்பதைக் கவனிக்க எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். பனிமூட்டம் இறங்கிய நாட்களில் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். உடம்பு தேறாத அசதி என்று நினைத்தோம். ஊசி காதையும் நிதானத்தையும் சேர்த்தே எடுத்திருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் எல்லோரையும் குழப்பியது. பூம்பாறை பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு வருவது அவளுக்குக் கேட்கும். பால்காரர் சைக்கிள் மணி கேட்காது.

"பஸ் வர்றது கேக்குதாம், நான் கூப்புட்டா கேக்காதாம்," என்பாள் அம்மா. "சோலின்னா மட்டும் காது அடைச்சிக்கிரும் போல."

"என்னம்மா சொல்ற?" என்பாள் அக்கா, அம்மாவின் வாயையே பார்த்தபடி.

"ஒண்ணுமில்ல. போயி வெறகை எடுத்துட்டு வா."

அப்பா கன்னியர் நடத்திய பள்ளி ஒன்றில் மின்வேலை பார்த்தார். நாங்கள் படித்ததும் அங்கேதான். பள்ளி நேரம் போக மைக் செட். கல்யாணம், மாதா திருவிழா, முருகன் கோவில் திருவிழா என்று எதற்கும் போவார். மலையில் குழாய் ஸ்பீக்கர் வைத்தால் சத்தம் எதிர்ப் பாறையில் பட்டுக் கீச்சிடும். அப்பா மேல் சத்தத்தை வெட்டி, குரலை உருட்டித் திரட்டி வெளியே விடுவார். "உங்க செட்டுல பேசுனா எனக்கே என் குரல் பிடிக்குது" என்று ஒரு கட்சிக்காரர் சொன்னதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு முறை மாதா கோவில் திருவிழாப் பூசையில் மைக் ஊளையிட்டுவிட்டது. பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பங்குச் சாமியார் மைக்கிலேயே சொன்னார்: "மைக் செட்காரரே, நாங்க பிசாசை ஓட்ட வந்திருக்கோம். நீங்க கையோட கூட்டிட்டு வந்துட்டீங்களா?" ஊரே சிரித்தது. அப்பா அன்று திருவிழாச் சாப்பாடு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவர் கையால் கட்டிய எதிலும் இரைச்சலோ கீச்சோ இருக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

காலாண்டுத் தேர்வு முடிந்த வாரம் தலைமைச் சகோதரி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். கெட்டவர் இல்லை. எங்கள் இரண்டு பேர் படிப்புக்கும் சலுகை கொடுத்தவர்.

"டென்த் போகணும்னா கிளாஸ்ல டீச்சர் சொல்றது அவளுக்குக் கேக்கணும்," என்றார். "டிசம்பர் லீவுக்கு முன்னாடி நானே ஒரு டிக்டேஷன் வைப்பேன். உதட்டைப் பாத்து எழுதுறதெல்லாம் கணக்குல வராது. எழுதிட்டா டென்த். இல்லன்னா டி.சி. வாங்கிக்கிட்டு வேற ஏதாவது வழி பாருங்க. என்னால ஸ்கூல் ரிசல்ட்டைக் கெடுக்க முடியாது."

அக்காவின் தகரப் பெட்டியில் ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பப் படிவம் ஒன்று இருந்தது. அதை நிரப்ப இன்னும் இரண்டு வருஷம் ஆகும். அது பழையதாகிவிடும், வேறு படிவம் வாங்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் பூச்சி அரிக்காமல் இருக்க அதனுள் வேப்பிலை வைத்திருந்தாள்.

அப்பா கடையில் காதுக் கருவி வாங்க மாட்டேன் என்றார். கட்டுப்படியாகாது என்பது பாதிக் காரணம். "கடையில விக்கிறது காதுக்குள்ள போயி கத்தும். எம் பிள்ளைக்கு நான் கட்டித் தர்றேன்" என்பது மீதி.

ஊரை விட்டுப் போகும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் தங்கள் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்றுவிட்டுப் போவது கொடைக்கானலில் அன்று வழக்கம். நம்மில் பல பேர் வீட்டுக் கம்பளியும் கேக் தட்டும் அப்படி வந்தவைதான். அப்படி ஒரு விற்பனையில் அப்பாவுக்கு ஒரு ஹெட்போன் கிடைத்தது. காதை முழுக்க மூடும் இரண்டு கறுப்புக் கிண்ணங்கள், நடுவே துணி சுற்றிய வளைவு. சத்தத்தைப் பெருக்கும் கருவியை, பயணத்துக்கு எடுத்துப்போகும் ரோஸ் நிறச் சோப்பு டப்பாவுக்குள் கட்டினார். மூன்று டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, மூடியில் துளை போட்டு அதன் பின்னால் ஒரு சின்ன மைக். சீருடைத் துணி மிச்சத்தில் அம்மா ஒரு பை தைத்தாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும் என்பதால் அக்கா அதைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிப் பிறகு மாட்டுவாள்.

முதல் தடவை போட்டுக்கொண்டபோது நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா அடுப்படியில் டம்ளரைக் கீழே வைத்தாள். அக்கா திடுக்கிட்டாள். பிறகு அம்மா ஏதோ சொல்ல, அக்கா வாயைப் பார்க்காமலே திரும்பினாள்.

"அம்மா, நீ பேசும்போது மூக்குல சத்தம் வருது."

"பாத்தீங்களா? கேக்க ஆரம்பிச்சதும் மொத வேலையா என்னையக் கொற சொல்றா," என்றாள் அம்மா. சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டியை நானும் போட்டுப் பார்த்தேன். அதன் சத்தத்தை உள்ளபடி சொல்கிறேன். முதலில் இரைச்சல். காதுக்குள் ஸ்டவ் எரிவது போல. அதற்கு மேல் எல்லாமே கூர்மை. கரண்டி தட்டில் பட்டால் கண்ணாடி உடைந்தது போலக் கேட்கும். பைத்துணி உரசினால் முள்வேலியில் பாவாடை கிழிவது போல. அம்மாவின் குரலில் உடம்பே இருக்காது, ஓரங்கள் மட்டும்தான். எனக்கு ஒரு நிமிஷத்தில் தலை வலித்தது. அக்கா நாள் முழுக்கக் கழற்றவில்லை. வகுப்பில் அவளுக்கு ரேடியோக்கா என்று பெயர் வைத்தார்கள்.

"ரேடியோக்கா, அடுத்து என்ன பாட்டுக்கா?"

"ஒப்பாரி," என்றாள் அக்கா. "உங்க வீட்டுக்குத்தான் போடுறேன். எந்திரிச்சு நில்லு." கேட்டவள் அதற்குப் பிறகு அவளிடம் வாய் கொடுக்கவில்லை. அக்கா சொல்வது அடுத்த வகுப்பு வரை கேட்கும். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியாது.

டிக்டேஷனுக்கு முந்தின சனிக்கிழமை அப்பா ஒரு ஒத்திகை வைத்தார். நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாடப்புத்தகத்திலிருந்து இருபது வார்த்தை வாசித்தேன். அக்கா இந்தப் பக்கம் எழுதினாள். பத்தொன்பது சரி. ஒன்றுக்கு இடம் விட்டிருந்தாள். சரியாகக் கேட்காததை ஊகித்து எழுத மாட்டாள். அது அவள் குணம். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்கச் சீட்டியடித்தார்.

இந்த இடத்தில்தான் நான் நினைவில் நின்று நின்று பார்க்கிறேன். அவர் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் போட்ட கணக்கில் தப்பு சொல்ல முடியாது. இவ்வளவு இரைச்சலிலேயே பத்தொன்பது எழுதுகிறாள் என்றால், இரைச்சலை எடுத்துவிட்டால் இருபதும் எழுதுவாள். தவிர, திங்கட்கிழமை பெரிய சிஸ்டர் அதைத் தன் காதில் வைத்துப் பார்ப்பார் என்று சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அக்கா கோவில் பீடத் துணிகளை மடித்து வைக்க அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா சோப்பு டப்பாவைத் திறந்து, பொட்டு அளவில் பழுப்பு நிறத்தில், மைக் செட்டில் மேல் சத்தத்தை வெட்டப் போடும் கண்டென்சர் ஒன்றின் ஒரு காலை மட்டும் ஈயம் வைத்துப் பிடித்தார். மறு காலைத் தொடலாம், எடுக்கலாம். ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.

"அக்காட்ட கேக்கலாம்லப்பா?"

"காது கேக்காத பிள்ளைட்ட போயி சவுண்டு எப்பிடி இருக்குன்னு கேட்டா அது என்னத்தச் சொல்லும்? நீ கேளு. இது ஒண்ணு." கை எடுத்தார். "இது ரெண்டு." தொட்டார். "எது நல்லாருக்கு?"

எதிரே அம்மா பூம்பாறைப் பூண்டை முறத்தில் கொட்டி உரித்துக்கொண்டே எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றில், இரைச்சலும் பூண்டுத் தோல் நொறுங்குவதும் காகிதம் பற்றி எரிவது போல முன்னால் நின்றன, அம்மாவின் குரல் அதற்குள் கீறிக்கொண்டு வந்தது. இரண்டில், இரைச்சல் அணைந்தது. பூண்டுத் தோல் அடியோடு மறைந்தது. கைகள் உரிக்கின்றன, தோல் பறக்கிறது, சத்தம் இல்லை. அம்மாவின் குரல் மட்டும் வெதுவெதுப்பாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல.

"ரெண்டுப்பா."

"நெசமா?"

"ரெண்டுதான். பூண்டுச் சத்தமே இல்ல."

"இவளுக்கு எங் காது," என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. "இந்தா பாரு, அப்பிடியே எங் காது." அவர் என்னை எதற்காகவும் புகழ்ந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. மறு காலுக்கும் ஈயம் வைத்தார். புகை வந்தது.

அக்கா சாயங்காலம் வந்து பெட்டியைப் போட்டுக்கொண்டாள். அம்மா பேசினாள், அப்பா பேசினார், நான் வாசித்தேன். அக்கா பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். பேட்டரியை எடுத்துக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றித் திரும்பப் போட்டாள்.

"எதையோ எடுத்துட்டீங்கப்பா."

"ஒரு கண்டென்சர் வச்சு இரைச்சல எடுத்தேன்," என்று அப்பா கத்திச் சொன்னார்.

"அதுகூட வேற என்னமோ சேந்து போயிருச்சு."

"இரைச்சலோட சேந்து என்னத்தப் போகும்? தூசியா?"

"முன்ன இருந்த மாதிரியே வச்சிருங்கப்பா. எனக்கு அதுதான் வேணும்."

"பழகிட்ட, அதான். நாளைக்கு சிஸ்டர் காதுல அந்த இரைச்சலோடயா குடுக்கச் சொல்ற? வேணும்னா ஒந் தங்கச்சியக் கேளு. அவதான் பாத்து சொன்னா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சொல்லுடி," என்றாள்.

அவள் சொல்வது சரியாக இருக்கலாம் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. முந்தின நாள் கதவுக்குப் பின்னாலிருந்து வாசித்தவள் நான். அவள் எழுதியதைப் பார்த்தவள். ஆனால் எனக்கு அப்பாவின் காது என்று சொல்லி அரை நாள்கூட ஆகியிருக்கவில்லை.

"இதுதான் நல்லாருக்கு," என்று நானும் கத்திச் சொன்னேன்.

அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சீருடைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நாங்கள் மூன்று பேரும் வெள்ளனே போனோம். அப்பா மாற்றுப் பேட்டரியை என் கையில் கொடுத்திருந்தார். முதல் மணி அடித்ததும் பெரிய சிஸ்டர் வந்தார். முதலில் ஹெட்போனைத் தன் தலைத்துணியின் மேலேயே மாட்டிக்கொண்டு, வகுப்பு ஆசிரியையைப் பேசச் சொல்லிக் கேட்டார்.

"ரொம்ப கிளியரா இருக்கே," என்றார். "நீங்களே செஞ்சதா? நம்ம சேப்பல் மைக்கைவிட நல்லாருக்கு."

"ஆமாங்க சிஸ்டர்," என்றார் அப்பா. அவருடைய இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

எங்களை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். பெரிய சிஸ்டர் புத்தகத்தை வாய்க்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு இடையில் நடந்து வாசித்தார். ஒரு ஏரியைப் பற்றிய பத்தி. நிதானமாக, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை வாசித்தார். அநியாயமாக எதுவும் செய்யவில்லை. நான் கம்பி வழியாக அக்காவைப் பார்த்தேன். முதல் வரிக்குப் பேனா ஓடியது, நின்றது. பிறகு அவள் ஹெட்போன் கிண்ணங்களை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். எழுதக் கை இல்லாமல் போனது. ஒரு கையை எடுத்தாள். எழுதினாள். மறுபடி அழுத்தினாள்.

தாளில் பாதி வெற்றிடமாக இருந்தது. ஊகித்து எழுதவில்லை.

"இங்க பாருங்க," என்றார் பெரிய சிஸ்டர் வெளியே வந்து. குரலில் கோபம் இல்லை. "மெஷின் மேல குத்தம் சொல்லவே முடியாது. நானே போட்டுப் பாத்தேன். அவ்வளவு கிளியரா கேக்குற மெஷினை வச்சிக்கிட்டும் எழுதலைன்னா, பிள்ளைக்கு மனசு இல்லன்னு அர்த்தம். அட்டென்ஷனே இல்ல. இல்லன்னா இவ்வளவு எடம் விடுவாளா?"

அப்பாவின் முகத்தில் முதலில் வந்தது பெருமை. அது போய் மற்றது வருவதற்கு ஒரு கணம் பிடித்தது. அந்தக் கணத்தை நான் பார்த்துவிட்டேன்.

பெரிய சிஸ்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெட்டியின் சத்தம் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்கு அக்காவின் மேல் குற்றம் ஏறியது. கரகரவென்று இரைந்திருந்தால் பெட்டி சரியில்லை என்று இன்னொரு தவணை கொடுத்திருப்பார்கள்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். "அந்தக் கண்டென்சரை எடுத்துட்டு இன்னொரு தடவ அவங்களக் கேக்கச் சொல்லுங்கப்பா."

"சிஸ்டரே நல்லாருக்குன்னுட்டாங்க. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி, இல்லைங்க, இரைச்சல்தான் வேணுமாம்னு சொல்ல?"

நான் அப்போதும் பக்கத்தில்தான் இருந்தேன்.

டி.சி.யைக் கொடுத்த கையோடு பெரிய சிஸ்டர் ஒரு உதவியும் செய்தார். விடுதி அடுப்படியில் காய் நறுக்க ஆள் வேண்டும், பொங்கல் முடிந்ததும் வரட்டும், அங்கே காது தேவைப்படாது என்றார். அம்மா அதற்கு நன்றி சொன்னாள்.

அப்பா இறந்து மூன்றாவது வருஷம், நான் அக்காவை மதுரைக்கு அழைத்துப்போய்க் காதைச் சோதித்தேன். அங்கிருந்த பெண் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். கோடு பாதித் தூரம் சமதரையில் போய், பிறகு மலைச்சரிவு போல ஒரேயடியாக இறங்கியது. கீழ்ச் சத்தம் ஓரளவு இருக்கிறது, மேல் சத்தம்தான் போயிருக்கிறது என்றாள். ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது மேல் சத்தம்தானாம். அது அடங்கினால் யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. மேல் சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுத்திருந்தால் அந்த வயதில் நன்றாகப் படித்திருப்பார்களே, சின்ன வயதில் யாரும் எதுவும் செய்து பார்க்கவில்லையா என்று கேட்டாள். செய்து பார்த்தோம் என்றேன்.

அந்தப் பொங்கலுக்கு முந்தைய நாட்களைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா பெட்டியை எடுத்து அவர்கள் தலையில் மாட்டினார். பெட்டியில் குறை இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. கோவில் உபதேசியார் கேட்டார். தபால்காரர் கேட்டார். தைமாதத் திருவிழாவுக்கு மைக் செட் பேசப் பூம்பாறையிலிருந்து ஒரு பூண்டு வியாபாரி மனைவியோடு வந்தார், அவரும் கேட்டார்.

"அண்ணே, என்ன இது, கெணத்துத் தண்ணியாட்டம் தெளிவாக் கெடக்கு," என்றார். "ஏண்ணே, இதைப் போட்டுக்கிட்டுமா அந்தப் பிள்ளை எழுதல?"

"அதத்தான் நானும் கேக்கேன்," என்றார் அப்பா.

அக்கா காபித் தட்டோடு உள்ளே வந்தாள். வியாபாரியின் மனைவி ஹெட்போனை வாங்கித் தானும் ஒரு முறை கேட்டுவிட்டு, அக்காவின் கையைத் தொட்டு முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். அத்தனை நாளில் அவளைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"நீதான பாப்பா இத மாட்டிக்கிட்டு அலஞ்சது? ஒனக்கு எப்பிடி இருக்கு? நல்லாக் கேக்குதா?"

அக்கா அவருடைய உதட்டைப் படித்தாள். அப்பா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா அவரைப் பார்த்தாள், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாக அவர்கள் முன்னால் வைத்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க," என்றாள், தன் பெரிய குரலில். "எங்கப்பா செஞ்சது. துளி இரைச்சல் இல்ல."